அரிவாளுக்கு உரிமம் இல்லை

துப்பாக்கிச் சட்டம் கடுமையானால் வன்முறைக் குற்றங்கள் குறையுமா என்னும் விவாதத்தை எம். புதுப்பட்டி, சிவகாசி வட்டாரத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு, இங்கு அச்சம் தருவது பெரும்பாலும் அரிவாள்தான் என்பது விரைவில் புலப்படும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் சுடுகலன்களுக்கு, அதாவது வெடிமருந்தின் விசையால் குண்டை எறியும் கருவிகளுக்கு, உரிமத்தைக் கட்டாயமாக்குகிறது; அதன் விதிகள் 9 அங்குலத்திற்கு மேல் நீண்ட அலகுடைய கத்திகளையும் ஆயுதமெனக் கொண்டாலும், வீட்டுக்கும் உழவுக்கும் செய்யப்பட்டவற்றை விலக்கிவிடுவதால், கருவேலம் வெட்டும் அரிவாள் உரிமத்திற்கு வெளியே நிற்கிறது.

1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நடப்பிலிருந்தபோதே 1899இல் சிவகாசிக் கலவரம் மூண்டதைக் காட்டி, இத்தகைய சட்டங்களே வீண் என்று வாதிடுவது எளிது. ஆனால் அந்தக் கூட்டத்தின் கையில் துப்பாக்கிகள் தாராளமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்காத வாதம் அது. 1996இல் தன் போர்ட் ஆர்தர் ஊரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபின் ஆஸ்திரேலியா சட்டத்தைக் கடுமையாக்கி, லட்சக்கணக்கான துப்பாக்கிகளை விலை கொடுத்துத் திரும்பப் பெற்றது. துப்பாக்கிச் சாவுகள் குறைந்தன, எனினும் அவை முன்பே குறையத் தொடங்கியிருந்ததால், அதில் சட்டத்தின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் உடன்படவில்லை.

சிவகாசியின் சிக்கலோ வேறு. பட்டாசுக்கான வேதிப்பொருள்கள் உரிமம் பெற்ற ஆலைகளுக்குள் வருகின்றன. சிறிதளவு தவறான கைக்குப் போனாலும் நாட்டு வெடிகுண்டாகலாம் என்பதால், உரிமத்தாளைவிட இருப்புப் பதிவேட்டைச் சரிபார்ப்பதே இங்குக் கூடுதல் பயன் தரும். ஆனால் உள்குத்தகைக்கு விடப்பட்ட ஆலைகளில் அந்தப் பதிவேட்டுக்கு யார் பொறுப்பு என்பதே தெளிவாக இருப்பதில்லை.