சூரியன் சீக்கிரம் வந்த பொங்கல்

பேராவூரணிக்குத் தெற்கே எங்கள் அப்பாயி வீட்டில் எட்டு மணிக்கு முன்னால் பொங்கல் பானை அடுப்பேறியதில்லை. நல்ல நேரம் பார்த்து அல்ல. வாசலுக்குக் கிழக்கே இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு. கீற்றுகளைத் தாண்டி வெயில் வாசலில் விழ அவ்வளவு நேரம் ஆகும். "அவரு வரட்டும்" என்பாள் அப்பாயி, சம்பந்தி வீட்டுக்காரருக்குக் காத்திருப்பதுபோல. நாங்கள் பல்லிடுக்கில் கரும்பு நாரோடு உட்கார்ந்திருப்போம்.

2019 பொங்கலன்று ஏழு மணிக்கெல்லாம் வெயில் திண்ணையில் ஏறிவிட்டது. கோலத்தின் ஈரம்கூடக் காயவில்லை. பானைக் கழுத்தில் மஞ்சள்கொத்து கட்டிக்கொண்டிருந்த அப்பாயி கண்ணைச் சுருக்கிக் கிழக்கே பார்த்தாள். "மறிக்க ஆளு இல்லன்னதும் வெள்ளன வந்துட்டியாக்கும்" என்றாள். சூரியனைத்தான்.

2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, எங்கள் பக்கத்தை வாரிச் சுருட்டிக்கொண்டு மேற்கே போனது. நான்கு நாள் யாருடைய போனும் கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் சென்னையிலிருந்து போய் இறங்கியபோது வீட்டைத் தாண்டி நடந்துவிட்டேன். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது என்பதுதான் எங்கள் வீட்டுக்கு அடையாளம். அன்றைக்கோ ரோட்டிலிருந்தே கொல்லைக் கிணறு தெரிந்தது. 140 மரத்தில் நின்றவை 11. சில வேரோடு சாய்ந்திருந்தன. சிலவற்றை ஈரத் துணியைப் பிழிவதுபோல முறுக்கி இடுப்பில் ஒடித்திருந்தது காற்று. விழுந்த மரத்தின் பாளைக்குள் குரும்பை அப்போதும் பச்சையாக இருந்தது.

ஆகையால் அந்தப் பொங்கலுக்கு விறகுப் பஞ்சம் இல்லை. மட்டை, பாளை, பன்னாடை என்று தெருவே அடுக்கி வைத்திருந்தது. தேங்காய்க்குத்தான் பஞ்சம். மூட்டை மூட்டையாகக் காய் ஏற்றி அனுப்பிய வீட்டிலிருந்து அம்மா பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் இரண்டு காய் வாங்கி வந்தாள். அப்பாயி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எந்த ஊர்க் காயோ" என்று சொல்லி வைத்தாள்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். இருந்த ஒரே பசுவுக்குக் கொம்பில் வர்ணம், கழுத்தில் நெட்டி மாலை. கொட்டகை சரிந்ததில் கன்று போய்விட்டதால் அது தலையை ஆட்டவே இல்லை, கட்டியபடி நின்றது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

எங்கள் வீட்டு வழக்கம் அன்றைக்கு ராத்திரிதான். சாப்பாடு முடிந்ததும் அப்பாயி வெற்றிலைப் பெட்டியோடு திண்ணையில் சாய்வாள். சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாகக் கேட்பாள்: "வருசம் எப்படிப் போச்சு?" நல்லது ஒன்று சொன்னால் கெட்டது ஒன்றும் சொல்ல வேண்டும். எல்லாம் நல்லாப் போச்சு என்றால் விட மாட்டாள். "என்னமோ மறைக்கிற, சொல்லு" என்பாள். பள்ளிக்கூட நாட்களில் அந்தத் திண்ணைக்குப் பயந்து மார்க் ஷீட்டை முன்கூட்டியே காட்டிவிடுவேன்.

அந்த வருஷம் விளக்கு இருந்ததே பெரிசு. கரண்ட் வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. கம்பம் நட்டவர்களில் கேரளத்து லைன்மேன்களும் உண்டு. ஆகஸ்டில் வெள்ளத்தில் மிதந்த ஊர்க்காரர்கள். அப்பாயி அவர்களுக்கு மோர் கொடுத்தாளாம், அவர்கள் பேசியது ஒன்றும் புரியாமலே.

தங்கைக்கு ஜூனில் பெண் குழந்தை. மாப்பிள்ளை வேலை பார்த்த கடை அதே மாதம் மூடியது. அத்தை மகன் மூன்றாவது தடவையாக எழுதிய குரூப் 4-இல் தேறியிருந்தான். கெட்டது எதுவும் அவனுக்குத் தோன்றவில்லை, தலைமுடி கொட்டுவதைச் சொன்னான். சிரித்தோம். சித்தப்பாவுக்குச் சிங்கப்பூர் பாஸ் புதுப்பிக்கவில்லை, செப்டம்பரிலேயே திரும்பிவிட்டார். "அங்க இருந்திருந்தா அன்னிக்கி ஆத்தா தனியாக் கெடந்திருக்கும்" என்று அதையே நல்லதிலும் சேர்த்துக்கொண்டார். பிறகு கணக்குப் போட்டார். அரசு நிவாரணம் மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500. 129 மரத்துக்கு 1,41,900 ரூபாய். "ஒரு வருசக் காய்க் காசு" என்று நிறுத்தினார். புதுக் கன்று காய்க்க ஆறேழு வருஷம் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஜூலையில் மேட்டூர் அணை 120 அடி நிறைந்தது என்று அப்பா எனக்குப் போன் போட்டுச் சொன்னது ஞாபகம் வந்தது. நிறைந்து என்ன? நாங்கள் கடைமடை. கொள்ளிடத்தில் வெள்ளம் கடலுக்கு ஓட, புது ஆறு என்கிற எங்கள் கால்வாயில் தண்ணீர் எப்போது வரும் என்று ஏரிக்கரையில் நின்று பார்த்த ஊர் எங்களுடையது.

அப்பா முறை வந்தது. ஏப்ரலில் திருச்சியில் அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்திருந்தது. அப்பாயியிடம் குடலிறக்கம் என்று சொல்லி வைத்திருந்தோம், அவரும் அதையே சொன்னார். அப்பாயி பாக்கை மென்றபடி கொஞ்ச நேரம் பார்த்தாள். "இங்க வா தம்பி" என்றாள். அறுபது வயது மனிதர் எழுந்துபோய் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவளே சட்டைப் பித்தானைக் கழற்றினாள். கழுத்துக் குழிக்குக் கீழே தொடங்கிய தழும்பை ஆள்காட்டி விரலால் மேலிருந்து கடைசி வரை தடவிக்கொண்டு போனாள். விரல் நுனியில் சுண்ணாம்பு இருந்தது. தழும்பு நெடுக வெள்ளைக் கோடு விழுந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பாயி ஒன்றும் சொல்லாமல் பித்தானை மாட்டினாள். ஒன்று தள்ளி மாட்டிவிட்டாள். அப்பா அந்தக் கோணல் சட்டையோடுதான் கடைசி வரை உட்கார்ந்திருந்தார்.

எல்லோரும் சொல்லி முடித்தோம். அவளை யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு அத்தையின் பேத்தி, ஆறு வயது, கேட்டுவிட்டது: "ஒனக்கு வருசம் எப்படிப் போச்சு, ஆயா?"

அப்பாயி எச்சிலைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "நாளைக்கி வாசலுக்கு எதுத்தாப்புல கெடக்குற மரத்த உருட்டணும். யாரும் காலையிலயே பஸ்ஸுக்குக் கெளம்பிறாதீங்க" என்றாள்.

காணும் பொங்கலன்று அரைநாள் அந்த மரத்தோடு மல்லுக்கட்டினோம். அப்பா கை வைக்கக் கூடாதென்று அவரைக் கயிற்றைப் பிடிக்கச் சொல்லி ஓரமாக நிற்க வைத்தோம். வேர்க்கட்டை புரண்டதும் இடுப்பளவுக்குப் பள்ளம், அடியில் மழைத் தண்ணீரின் ஈரம். அப்பாயி விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"குழி வெட்டுற கூலி மிச்சம்" என்றாள். "வேப்பங்குளத்துல தென்னங்கன்னு என்ன வெலைன்னு கேட்டுட்டு வா" என்று சித்தப்பாவை அனுப்பினாள்.