மாவுக்கு எலும்பு கிடையாது

கடல்நாயின் காதெலும்பைக் கையில் வாங்கிப் பார்த்தால் கூழாங்கல் என்றுதான் நினைப்பீர்கள். அவ்வளவு கெட்டி. விலா உடைந்துபோகும், கை கால் எலும்பை நாய் கடித்துப் போடும், மீன்முள் மக்கிவிடும். காதைச் சுற்றியிருக்கும் இந்தக் குமிழ் மட்டும் இருநூறு முந்நூறு வருஷம் மண்ணுக்குள் கிடந்தாலும் முழுசாக வரும். அதன் வடிவத்தை வைத்து எந்த வகைக் கடல்நாய் என்றும் சொல்லிவிடலாம். (இனி சீல் என்றே எழுதுகிறேன். கடல்நாய் என்றால் உங்களுக்குத் தெருநாய்தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான்.)

கனடாவின் கிழக்கு ஓரத்தில் செயின்ட் ஜான்ஸ் என்ற ஊருக்குப் படிக்க வந்து, பகுதிநேர வேலையாக எலும்பு கழுவ ஆரம்பித்தேன். பழைய டூத் பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர், சல்லடை. வடக்கே லாப்ரடார் கடற்கரையில் இனுயிட் மக்கள் வாழ்ந்த வீடுகளின் குப்பைமேட்டிலிருந்து வந்த எலும்புகள். "எலும்பு கழுவுறதுக்கா அவ்ளோ தூரம் போன?" என்று போனில் கேட்டாள் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "மனுஷ எலும்பு இல்லையே?" இல்லம்மா, சாப்பிட்டுட்டுப் போட்டது. "அப்ப எச்சில்னு சொல்லு." ஆமாம், எச்சில்தான். முந்நூறு வருஷத்து எச்சில்.

அந்தக் கடற்கரையின் வரைபடத்தைப் பார்த்தால் நம்மவர்களுக்கு ஒரு ஆச்சரியம் இருக்கிறது. நெய்ன், ஹெப்ரான் என்று ஊர்கள். தமிழ் பைபிளில் நாயீன், எபிரோன். பெயர் வைத்தவர்கள் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தை மையமாகக் கொண்ட மொராவியன் சபையினர். 1771-இல் நெய்னில் இறங்கினார்கள். அதற்குப் பதினோரு வருஷம் முன்னால், 1760-இல், இதே சபையினர் நம் தரங்கம்பாடியிலும் வந்து இறங்கியிருந்தார்கள். அங்கே சில பத்தாண்டுகளில் மூட்டை கட்டிவிட்டார்கள். லாப்ரடாரில் நிலைத்துவிட்டார்கள்.

நற்செய்தியோடு கடையையும் கொண்டுவந்தார்கள். கடையின் லாபத்தில் மிஷன் நடந்தது. சீல் கொழுப்பையும் நரித்தோலையும் வாங்கிக்கொண்டு துப்பாக்கி, மாவு, தேயிலை கொடுத்தார்கள். மறக்காமல் டைரியும் எழுதினார்கள். 1790 முதல் அவர்களுடைய அறிக்கைகள் லண்டனில் அச்சாகி வந்தன. அவற்றில் அடிக்கடி வரும் புகார் ஒன்றுண்டு. இவர்களுக்குச் சேர்த்துவைக்கத் தெரியவில்லை, கிடைத்த அன்றைக்கே எல்லாரையும் கூப்பிட்டுத் தின்று தீர்த்துவிடுகிறார்கள், பிறகு பசி என்று வருகிறார்கள்.

இதையே வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் கதை வேறு. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே குளிர்கால வீடு என்பது புல்மண்ணால் சுவர் எழுப்பிய ஒரு பெரிய கூடம். பல குடும்பங்கள் சேர்ந்து இருக்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் சீல் கொழுப்பில் எரியும் ஒரு கல்விளக்கு, குல்லிக். வெளிச்சம், வெப்பம், அடுப்பு மூன்றும் அதுதான். விளக்குக்கு மேலே கல் பாத்திரம் தொங்கும். நம் வீட்டுக் கல்சட்டி செய்கிற மாக்கல் வகைதான் இரண்டும். அந்தக் கூடத்தில் ஒருவர் சீல் கொண்டுவந்தால் பங்கு போடாமல் சாப்பிடுவது எப்படி? இன்றைக்கு நான் கொடுக்கிறேன், நாளைக்கு என் கை வெறுமையாக வந்தால் நீ கொடுப்பாய். மிஷனரிகள் கண்ணுக்குச் சேமிப்பு தெரியாததற்குக் காரணம், அது பெட்டகத்தில் இல்லாமல் பக்கத்து விளக்கடியில் இருந்ததுதான். அடுத்த நூற்றாண்டில் கூடங்கள் சுருங்கி, ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்றானது.

மெலனி கபாக், ஸ்டீஃபன் லோரிங் இருவரும் நெய்னில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குப்பைமேடு ஒன்றைத் தோண்டினார்கள். ஏகப்பட்ட ஐரோப்பியப் பீங்கான் கிடைத்தது. பூ அச்சு ஒற்றிய மலிவுச் சரக்கு. இதைப் பார்த்ததும் வழக்கமாக எழுதப்படும் வரி நமக்கே தெரியும்: இனுயிட் மக்கள் மெல்ல ஐரோப்பியர்களாக மாறிக்கொண்டிருந்தார்கள். 2000-இல் வந்த அவர்களுடைய கட்டுரை அந்த வரியை ஒத்துக்கொள்ளவில்லை. குழம்பும் கஞ்சியுமாகக் குடிக்கிற பழைய சாப்பாட்டுக்கு எது தோதோ அதைப் பெண்கள் தேர்ந்து வாங்கியிருக்கிறார்கள் என்றது. பாத்திரம் இங்கிலாந்திலிருந்து வந்தது. சாப்பாடு வரவில்லை.

எனக்கு இந்தக் கட்டுரை ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் எலும்பை மட்டும் நம்பிப் பேசுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. லேபில் என்னோடு வேலை செய்த நெய்ன்காரப் பெண்தான் அதைச் சொன்னாள். நான் ட்ரேயைக் காட்டி, "பாரு, முக்கால்வாசி சீல்தான்" என்று பெருமையாகச் சொன்னேன். சிரித்தாள். "எங்க பாட்டி தினமும் ரொட்டி சுடும். மாவுக்கு ஏது எலும்பு?"

குப்பைமேட்டில் மாவு தெரியாது. கடைக் கணக்கில் சீல் விருந்து தெரியாது, விற்ற கொழுப்புதான் தெரியும். ஒன்றை மட்டும் படித்தால் மாறாத வேட்டைக்காரர்கள் கிடைப்பார்கள், மற்றதை மட்டும் படித்தால் மாவுக்குக் கடன்பட்டவர்கள் கிடைப்பார்கள். அவள் பாட்டி இரண்டிலும் இல்லை. நூறு வருஷம் கழித்து என் அபார்ட்மென்ட் குப்பையை யாராவது தோண்டினால் கனடாக் கோழி எலும்பும் டிம் ஹார்ட்டன்ஸ் கோப்பை மூடியும்தான் சிக்கும். சோற்றுக்கும் புளிக்கும்கூட எலும்பு கிடையாது. அசல் கனடாக்காரன் என்று எழுதிவிடுவார்கள்.

எலும்பு சொல்கிற இன்னொன்றை மட்டும் யாராலும் மறுக்க முடியாது. சீல் பல்லை மெல்லிசாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் மரத்தின் வளையம்போல் அடுக்குகள் தெரியும். கடைசி அடுக்கை வைத்து அது எந்தப் பருவத்தில் செத்தது என்று கணிக்கலாம். லாப்ரடார் வீடுகளின் எலும்புகளில் ஜேம்ஸ் வூலெட் இதைச் செய்திருக்கிறார். எந்த மாசம், எந்த முனையில், எந்தப் பனியில் நிற்க வேண்டும் என்ற அறிவு அந்தப் பல்லில் இருக்கிறது. அது அந்தந்த இடத்துக்கே உரியது. பெட்டியில் கட்டி எடுத்துப்போக முடியாது.

1959 ஈஸ்டர் சமயத்தில் ஹெப்ரான் மக்களைத் தேவாலயத்துக்குள் கூட்டி, ஊர் மூடப்படுகிறது என்றார்கள். தேவாலயத்துக்குள் எதிர்த்துப் பேசுகிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. தெற்கே நெய்ன், ஹோப்டேல், மக்கோவிக் ஊர்களின் ஓரங்களில் குடிவைத்தார்கள். அங்கே எந்த விரிகுடாவில் மீன் வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. நல்ல இடங்களில் ஏற்கெனவே வேறு குடும்பங்கள் இருந்தன. துப்பாக்கி இருந்தது, கை இருந்தது, சாப்பாடு இல்லை. ஹெப்ரான் என்ற பெயரை மனசில் வைத்துக்கொண்டு கடை மாவைப் பிசைந்தார்கள். 2005-இல் மாகாண அரசு மன்னிப்புக் கேட்டது. அதே வருஷம் நுனாட்சியாவுட் என்ற பெயரில் லாப்ரடார் இனுயிட் மக்களுக்குத் தன்னாட்சி கிடைத்தது.

நெய்னில் இப்போது ஊருக்குப் பொதுவாக ஒரு ஃப்ரீசர் இருக்கிறது. 2012-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் இளைஞர்கள் அனுபவமுள்ள வேட்டைக்காரர்களோடு போகிறார்கள், கிடைத்ததை அந்த ஃப்ரீசருக்குக் கொண்டுவருகிறார்கள், வயதானவர்களின் வீட்டுக்கு நடந்துபோய்க் கொடுக்கிறார்கள். தம்பி கொண்டுபோய்க் கொடுத்த வீடுகளின் பட்டியலை அவள் எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

நெய்னுக்குச் சாலை கிடையாது. போன குளிர்காலத்தில் அவள் அம்மா விமானத்தில் ஒரு பெட்டி அனுப்பினார். உறைந்த சீல் கறி, அதற்குமேல் துணியில் சுற்றிய ரொட்டி. என் ரூமில்தான் சமைத்தோம். கறி கன்னங்கரேல் என்றிருந்தது. மீன்வாடை அடிக்கிற ஆட்டுக்கறி மாதிரி ருசி. ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தபடி, நான் வடித்த சோற்றைப் பார்த்துக் கேட்டாள்.

"இதுக்கு உங்க ஊர்ல என்ன ஊத்துவீங்க?"

புளி கரைத்தேன்.