இரலையும் சீமைக் கருவேலமும்

முல்லைத் திணைப் பாடல்களைக் கற்பிக்குங்கால், ‘இரலை’ என்னும் சொல்லுக்கு நாம் கோடியக்கரை வெளிமானையே சான்று காட்டுவதுண்டு. 1967இல் அதன் பொருட்டே அங்குச் சரணாலயம் அமைந்தது.

பகையைத் தொலைவிற் கண்டு பாய்ந்தோடும் அம்மானுக்குத் திறந்த புல்வெளியே அரண். அவ்வெளியை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக் கருவேலம் கவ்வி வருகிறது. விந்தை யாதெனில், அதை விதைப்பதில் மானுக்கும் பங்குண்டு! இனிய நெற்றுகளைத் தின்னும் ஆண்மான்கள், தாம் காவல் கொள்ளும் திடல்களிலேயே புழுக்கையிடுகின்றன. அதனுள் தங்கிய விதை முளைத்து முட்புதராகிறது.

பசித்து உண்டது குற்றமாகுமோ? மரத்தைக் கொணர்ந்தோர் மனிதரன்றோ! வெட்டினால் அது மீண்டும் தழைக்கும். கன்றிலேயே வேரோடு களைதல் வேண்டும். வாயில்லாப் பிராணிக்கு அதன் வெளியை மீட்டளித்தல் இரக்கமன்று. அதன் ஹக்கை நாம் திருப்பிக் கொடுத்தலாகும்.