கறுப்புத் திட்டைக் கண்டால்

எங்கள் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மாதங்களில், காய்ச்சலோடு வருபவரின் அக்குளிலும் தொடையிடுக்கிலும் துணியை விலக்கித் தேடுவோம். சின்னதாக, வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருந்தால் பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ். டாக்சிசைக்ளினுக்கு மடங்கிவிடும்.

அதே கறுப்பு, கீமோதெரபியில் வெள்ளணு சரிந்தவருக்கோ, சிறுநீரகம் மாற்றிக்கொண்டவருக்கோ, சர்க்கரை எகிறிக் கிடப்பவருக்கோ வந்தால் எனக்குப் பதற்றம் கூடும். சூடோமோனாஸ் பாக்டீரியாவும் இப்படிக் கறுக்க வைக்கும். மியூக்கர் வகைப் பூஞ்சைகளும் ஆஸ்பர்ஜில்லஸும் கறுக்க வைக்கும். பூஞ்சை ரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்துவிட, ரத்தம் போகாத தோல் செத்துக் கறுக்கிறது. எவ்வளவு அனுபவப்பட்டவராலும் இவற்றைப் பார்வையால் மட்டும் பிரித்துவிட முடியாது.

2021 மே மாதம், கறுப்புப் பூஞ்சை எனப்படும் மியூக்கர் தொற்றை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அறிவித்தது. அப்போது எல்லோர் கவனமும் மூக்கிலும் கண்ணிலும் இருந்தது. தோல் வழியாக நுழைவது அதற்கு முன்பும் உண்டு, இன்றும் உண்டு. பிளாஸ்திரி ஒட்டிய இடம், ஊசி ஏற்றிய இடம், ஜி.எஸ்.டி. சாலையில் வண்டியோடு விழுந்து மண் புகுந்த காயம், எதுவும் போதும். அபோஃபைசோமைசிஸ் என்ற பூஞ்சை 1979இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டதே இந்திய மாந்தோப்பு மண்ணிலிருந்துதான். அது திடகாத்திரமானவரின் காயத்தையும் விடாது.

ஆகவே வெட்டிப் பார்க்க வேண்டும், அன்றைக்கே. மேலாக எடுத்தால் பொருக்குதான் வரும். கறுப்பின் விளிம்பில், கொழுப்பு தெரியும் ஆழம்வரை எடுப்பேன். ஒரு துண்டு ஃபார்மலினில் போகும். வளர்த்துப் பார்ப்பதற்கான துண்டு சலைனில்தான் போக வேண்டும். ஃபார்மலின் பூஞ்சையைக் கொன்றுவிடும். லேப் சீட்டில் 'அரைக்காமல் நறுக்கவும்' என்று மறக்காமல் எழுதுவேன். மியூக்கர் இழைகளில் குறுக்குச் சுவர் அரிது. அரைத்தால் சிதைந்து, பிறகு வளராது. மிச்சத் துணுக்கைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நானே மைக்ராஸ்கோப்பில் வைப்பேன். அகலமாக, ரிப்பன் போல மடிந்து, செங்கோணத்தில் கிளைத்திருந்தால் மியூக்கர். மெல்லியதாக, குறுக்குச் சுவரோடு, கூர்ங்கோணத்தில் பிரிந்தால் ஆஸ்பர்ஜில்லஸாக இருக்கலாம். ஆஸ்பர்ஜில்லஸுக்குக் கேட்கும் வோரிகோனசோல் மியூக்கரை ஒன்றும் செய்யாது. அதற்கு ஆம்ஃபோடெரிசின் வேண்டும், கத்தியும் வேண்டும். ரத்தம் கசியும் சதை தெரியும்வரை செத்ததை எடுத்தாக வேண்டும்.

எல்லாமே கறுத்து வருவதில்லை. எச்.ஐ.வி. உள்ளவர் முகத்தில் நடுவில் குழிந்த சிறு கொப்புளங்கள் பாலுண்ணி போலத் தெரியும். அது கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையாக இருந்தால் மூளைக்காய்ச்சல் வரை போகும். தலைவலி உண்டா என்று கேட்காமல் அவரை அனுப்ப மாட்டேன்.

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: "ஐயா, மூட்டுவலிக்கு மெடிக்கல்ல மாத்திரை ஏதும் வாங்கிச் சாப்பிடுறீங்களா?" எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ஸ்டீராய்டு அப்படித்தான் சத்தமில்லாமல் உடம்புக்குள் போகிறது.

வெட்ட வேண்டும் என்றதும் வீட்டார் பயப்படுவார்கள். "சக்கரை இருக்கிற உடம்பு சார், புண்ணு ஆறாதே." அந்தப் பயம் நியாயமானது. "நான் வெட்டுற புண்ணைத் தையல் போட்டு ஆற வெச்சிடலாம்மா. இந்தக் கறுப்பு ராத்திரியோட ராத்திரியா பரவும்" என்று உட்கார்ந்து சொல்வேன். சம்மதித்ததும் வேலை வேகமாக நடக்கும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ ஜிப்மர் மருத்துவமனைக்கோ அனுப்பும் கடிதத்தில், ஸ்லைடில் கண்டதை முதல் வரியிலேயே எழுதிவிடுவேன். வளர்ப்புச் சோதனை முடிவு வர நாட்கள் ஆகும். மருந்தை அன்றிரவே தொடங்க அந்த ஒரு வரி போதும்.