வெல்லஸ்லியின் குதிரைகள்

திருகோணமலையில் கோணேசப் பெருமானைத் தரிசிக்கச் செல்வோர் பிரெடெரிக் கோட்டை வாயிலினுள் புகுந்து, மரநிழலில் அஞ்சாது திரியும் புள்ளிமான்களைக் கண்டவாறே சுவாமிமலையை நோக்கி நடப்பர். கோட்டையினுள் உள்ள ஒரு பழைய வீட்டை நின்று நோக்குவோர் மிகச் சிலரே. 'வெல்லஸ்லி இல்லம்' என்பது அதன் பெயர். பிற்காலத்தில் வெலிங்டன் கோமகன் எனப் புகழ்பெற்ற ஆர்தர் வெல்லஸ்லி, கடல் கடந்து செல்லவிருந்த ஒரு படைக்குத் தலைவராக 1800ஆம் ஆண்டின் இறுதியில் இத்துறைமுகத்துக்கு வந்தார். இங்கே நோயுற்றுக் கப்பலைத் தவறவிட்டதால் அவர் உயிர் தப்பினார் என்று ஊரார் கதை சொல்வதுண்டு. நோயுற்றது பம்பாயில், அவர் செல்லவிருந்த கப்பல் மூழ்கியது மட்டும் மெய்யே.

அவருடைய போர்களை வரலாற்று நூல்கள் வேண்டியமட்டும் பேசுகின்றன. அவரைச் சுமந்த குதிரைகளைப் பற்றி நம் மாணவருக்குச் சொல்வார் இல்லை.

பள்ளியில் அவர் பிரகாசிக்காத பிள்ளை. தாயார் கவலையுற்று, 1786இல் பிரான்சு நாட்டின் ஆஞ்சே நகரிலிருந்த குதிரையேற்றக் கலைக்கழகத்திற்கு அவரை அனுப்பி வைத்தார். குதிரையேற்றம் என்பது வெறுமனே சேணத்தில் அமரும் வித்தையன்று. கடிவாளத்தை இழுக்க எவராலும் இயலும். தேவையற்றபோது இழுக்காதிருக்கக் கைக்குப் பயிற்சி வேண்டும். குதிரையின் வாய் அத்துணை மென்மையானது. அதன் மனநிலையைக் காதுகளின் அசைவிலே படித்தறியலாம். ஏறியிருப்பவனுடைய அச்சமோ அவன் கால்களின் இறுக்கத்திலேயே அதற்குத் தெரிந்துவிடும். கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் நேர் பின்னால் நிற்பவரை அது காணாது. ஆகையால் குரல் கொடுத்தவாறு தோளருகே அணுகுதல் முறை.

குதிரைகள் கப்பலேறி நம் கரைகளுக்கு வந்தது பழைய செய்தி. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட மாணிக்கவாசகரின் வரலாற்றை அறியாத சைவக் குழந்தை உண்டோ! வெல்லஸ்லியின் டயோமெட்டும் அரபுக் குதிரையே. அது அவரிடம் வந்த விதம் துயரமானது. தமிழ்நாட்டு ஆரணியில் 1798இல் நிகழ்ந்த ஓர் ஒற்றைக்கொற்றைச் சண்டையில் சுடப்பட்ட கர்னல் ஆஸ்டன், இறக்குந் தறுவாயில் தம் குதிரையை நண்பருக்கு விட்டுச் சென்றார். 1803 செப்டெம்பரில் மராட்டியரோடு நிகழ்ந்த அசாயே போரில் வெல்லஸ்லியின் குதிரையொன்று சுடப்பட்டது. டயோமெட் ஈட்டிக் குத்துப்பட்டது. புகழுரையில் சிக்கனமான அம்மனிதர், பல படையெடுப்புகளில் தம்மைச் சுமந்த குதிரை அது என்று எழுதிவைத்தார்.

பின்னர் வந்தது கோப்பன்ஹேகன். 1815 ஜூன் 18ஆம் நாள் வாட்டர்லூ களத்தில் 15 மணி நேரத்துக்கு மேலாக அது அவரைச் சுமந்தது. இரவில் இறங்கிய கோமகன் அன்போடு அதன் பின்புறத்தைத் தட்டிக்கொடுத்தார். குதிரை எட்டி உதைத்தது, மயிரிழையில் தப்பினார்! நெப்போலியனின் பீரங்கிகளுக்குத் தப்பியவரைச் சொந்தக் குதிரை கொன்றிருக்கும். அந்த உதையில் குற்றமொன்றும் எனக்குத் தோன்றவில்லை. களைத்த விலங்கு, இருட்டு, பின்னாலிருந்து வந்த கை. ஆஞ்சேயில் முதல் நாள் பயிலும் மாணவனுக்கும் காரணம் விளங்கும்.

கோமகன் அதன்மீது கோபங்கொள்ளவில்லை. ஓய்வுபெற்ற கோப்பன்ஹேகன் ஸ்ட்ராட்பீல்ட் சேயிலுள்ள அவருடைய பண்ணையில் முதுமையைக் கழித்தது. கோமகள் தம் கையால் ரொட்டி கொடுத்துப் பழக்கியதனால், பெண்கள் எவரைக் கண்டாலும் உரிமையோடு அருகே செல்லும். 1836இல் அது இறந்தபோது இராணுவ மரியாதையுடன் அடக்கஞ் செய்தனர். அதற்குள் எவரோ ஒரு குளம்பை நினைவுப் பொருளாக வெட்டி எடுத்திருந்தார். அதைக் கண்ட கோமகன் கடுஞ்சினங் கொண்டார். பின்னாளில் அவருடைய மைந்தர் அவ்விடத்தில் ஒரு கல் நாட்டினார். அதன்மேல் ஓர் ஓக் மரம் ஓங்கி வளர்ந்தது.