நாடா தைத்த தாய்



இளையரசனேந்தல் ஆலய வாசலில் வாலிபத் தம்பி ஒருவன் கேட்டுக்கொண்டிருந்த ராப் பாடலுக்காக அவனைக் கடிந்துகொண்டேன். "ஐயா, பாடுகிறவர் தமிழச்சி" என்றான்.

எம்.ஐ.ஏ. எனும் மாதங்கி அருட்பிரகாசம். 1975-இல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரினால் 1986-இல் அகதியாக லண்டன் திரும்பியவர். தந்தை ஈழப் போராட்ட இயக்கத்தில் இருந்தார். தாயார் கலா தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். அன்று பிரிட்டிஷ் அரசியார் பெயரால் வழங்கப்பட்ட பதக்கங்களுக்கு நாடா தைத்த கைகள் அவை. அத்தகைய பதக்கமே 2020-இல் மகளின் மார்பில் ஏறியது. (அவருடைய பாடல்களைவிட இதுவே என் மனத்தில் நிற்கிறது.) 2009-இல் நிறைமாதக் கர்ப்பிணியாகக் கிராமி மேடையில் பாடி, மூன்றாம் நாள் மகனைப் பெற்றெடுத்தார். 2012-இல் சூப்பர் பவுல் மேடையில் காட்டிய ஆபாசச் சைகையால் பெரும் வழக்கில் சிக்கினார்.

2022-இல், இயேசுவைத் தரிசனத்தில் கண்டதாக வெளிப்படையாகச் சொன்னார். செய்தியைப் படித்ததும் நான் ஸ்தோத்திரம் சொல்லவில்லை, பிரியமானவர்களே, சந்தேகப்பட்டேன். தமஸ்குவுக்குப் போன சவுலைக் குறித்து எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறேன்! அனனியாவின் தயக்கம் எனக்குள்ளேயே இருப்பதை அன்றுதான் கண்டேன்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்தத் தம்பியைத் தேடிப்போய், அப்பாடலை எனக்கும் போட்டுக் காட்டும்படி கேட்கவிருக்கிறேன்.