கூர்வளைவின் நெடும்பயணம்

இலஞ்சியில் வாழும் நமக்கு, வானுயர்ந்த வழிபாட்டிடம் என்றதும் நினைவில் எழுவது தென்காசிக் கோபுரமே. பழைய நெல்லைச் சீமையின் மறுகோடியில், தேரி மணற்பரப்பை ஒட்டிய மெஞ்ஞானபுரத்தில் மற்றொரு கோபுரம் நிற்கிறது. தூய பவுலின் ஆலயக் கோபுரமான அதன் உயரம் 192 அடி. சர்ச் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்தவரும் 1870இல் மறைந்தவருமான வேல்ஸ் நாட்டு ஜான் தாமஸ் பாதிரியாரின் உழைப்பால் எழுந்தது அவ்வாலயம்.

அதன் பாணி ‘காதிக்’. ஐரோப்பாவில் மங்கிக் கிடந்த அப்பாணி 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் புத்துயிர் பெற்றது. 1834ஆம் ஆண்டுத் தீவிபத்துக்குப் பின் லண்டன் பாராளுமன்றக் கட்டடமே அப்பாணியில்தான் எழுந்தது. மிஷனரிமார் அதை நம் மண்ணுக்கும் கொண்டுவந்தனர்.

உச்சி கூர்ந்த வளைவே இப்பாணியின் உயிர்நாடி. அரைவட்ட வளைவு சுமையைப் பக்கவாட்டில் மிகுதியாகத் தள்ளும். அதைத் தாங்கச் சுவர் தடித்தாக வேண்டும். கூர்வளைவில் அத்தள்ளுதல் குறைவு. ஆகவே சுவர் மெலிந்து உயரலாம். சாளரங்கள் விரிந்து ஒளி நிறையலாம்.

இவ்வளைவு ஐரோப்பாவில் பிறந்ததன்று. கெய்ரோவில் கி.பி. 879இல் நிறைவுற்ற இப்னு தூலூன் பள்ளிவாசலில் கூர்வளைவுகள் அணி அணியாக நிற்கின்றன. காதிக் கலையின் தொடக்கமாகக் கருதப்படும், பாரிஸை அடுத்த செயின்ட் டெனி ஆலயத்தின் புதிய பகுதி 1144இல்தான் அர்ப்பணிக்கப்பட்டது. இடைவெளி 265 ஆண்டுகள்! லண்டன் செயின்ட் பால் பேராலயத்தை அமைத்த கிறிஸ்டோபர் ரென், இதைச் ‘சாரசன்’ பாணி என்றழைப்பதே தகும் என எழுதினார். சாரசன் என்பது அந்நாளைய ஐரோப்பியர் முஸ்லிம்களுக்கு வழங்கிய பெயர். எனினும் பாணி முழுவதையும் நமதென்று உரிமை கொண்டாடுவது நேர்மையாகாது. வளைவோடு விலாக் கட்டுமானத்தையும் வெளிப்புற முட்டுச் சுவர்களையும் இணைத்து விண்ணளாவ உயர்த்தியது ஐரோப்பியக் கொத்தர்களின் திறமையே.

வியப்பு இன்னொன்றும் உண்டு. மெஞ்ஞானபுரத்திலிருந்து வெகு தொலைவில் இல்லை காயல்பட்டினம். அங்கும் கீழக்கரையிலும் பழம் பள்ளிவாசல்களை எழுப்பிய நம் முன்னோர், தமிழ்ச் சிற்பியரின் கல்தூண்களையும் கற்கூரையையுமே தேர்ந்தனர். முஸ்லிம் நாடுகளில் வளர்ந்த வளைவு, வேல்ஸ்காரர் வழியே தேரிக்காட்டில் தேவாலயமாயிற்று. தமிழகத்துத் தூணோ தொழுகைக் கூடத்தைத் தாங்கிற்று!

திருமறையின் 22ஆம் அத்தியாயம் 40ஆம் வசனம் தேவாலயங்களையும் பள்ளிவாசல்களையும் ஒருங்கே குறிப்பிடுகிறது. அயலாரின் வழிபாட்டிடத்தை அந்நியமென்று ஒதுக்கும் பேச்சு நம் பிள்ளைகளின் செவியில் விழுமாயின், இவ்வளைவின் வரலாற்றை அவர்களுக்குச் சொல்வோம். கட்டியவர் எவராயினும், கல்லும் கலையும் கைமாறியே வளர்ந்திருக்கின்றன.